ஹாங்காங்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: ஆள்கணக்கு, பணக்கணக்கு, ஆஸ்பத்திரிக் கணக்கு

ஹாங்காங்கில் வேலை கிடைத்தவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள்தான். மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம்? குழந்தைக்கு உடம்பு சரியில்லையென்றால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? இரண்டுக்கும் பதில் இந்த ஊரின் பொதுப் புள்ளிவிவரங்களிலேயே இருக்கிறது. ஆனால் அவற்றை மேலோட்டமாகப் படித்தால் பாதி தப்பாகத்தான் புரியும்.

சுமார் 1,114 சதுர கிலோமீட்டர் நிலம், 75 லட்சம் மக்கள். இங்கே எந்தக் கணக்கை எடுத்தாலும் அது கடைசியில் நிலத்தில் வந்து நிற்கும். வரி குறைவாக இருப்பதற்கும், வீடு கைக்குட்டை அளவில் இருப்பதற்கும், எமர்ஜென்சிக் கட்டணம் ஒரே நாளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதற்கும் அடியில் இருப்பது நிலம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள். வந்து இறங்கிய முதல் ஆறு மாதத்துக்குத் தேவையான வரிசையில் எழுதியிருக்கிறேன்.

படி 1: சராசரியை அப்படியே நம்பாதீர்கள்

75 லட்சத்தை 1,114-ஆல் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6,700 பேர் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் அடர்த்தி 26,000-க்கும் மேல். "அட, நம்ம சென்னையில் கால்வாசிதானா!" என்று தோன்றும். விமானநிலையத்திலிருந்து ரயிலேறி முதல் அடுக்குமாடி வரிசையைப் பார்க்கும்வரைதான் அந்த நிம்மதி.

ஹாங்காங் நிலத்தில் கால்வாசியில்தான் கட்டடம் இருக்கிறது. சுமார் 40 சதவீதம் வனப் பூங்காக்களாகப் பாதுகாக்கப்பட்டது. மீதியிலும் பெரும்பகுதி மலைச்சரிவு, ஈரநிலம், ஆளில்லாத சிறு தீவுகள். அதனால் ஊரின் சராசரியை விட்டுவிட்டு மாவட்டக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 18 மாவட்டங்கள். குன் டோங்கில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 60,000 பேர். தீவுகள் மாவட்டத்தில் சுமார் 1,000 பேர்தான். ஆனால் அந்த 1,000 என்பதையும் நம்பிவிடக் கூடாது. நம்மவர்கள் அதிகம் குடியேறும் துங் சுங் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கேயும் 40, 50 மாடிக் கட்டடங்கள்தான். சுற்றியுள்ள லண்டாவ் தீவின் மலைகள்தான் சராசரியைக் கீழே இழுக்கின்றன.

ஆண், பெண் கணக்கிலும் இப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பின்படி 1,000 பெண்களுக்குச் சுமார் 840 ஆண்கள். ஏதோ விபரீதம் என்று நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து வீடுகளில் வேலை செய்யும் மூன்றரை லட்சம் பணிப்பெண்கள் இந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கழித்தால் 1,000-க்கு 900-ஐத் தாண்டிவிடும். அரசுப் புள்ளிவிவரத்தில் பல அட்டவணைகள் 'வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்களைச் சேர்த்து', 'சேர்க்காமல்' என்று இரண்டு விதமாக வருவதற்குக் காரணம் இதுதான். ஊதியம், வயது, குடும்ப அளவு எதைப் பார்த்தாலும் எந்த அட்டவணை என்று அடிக்குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணிப்பெண்களுக்குப் பொதுவான குறைந்தபட்ச மணிநேரக் கூலிச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்குத் தனியாக ஒரு குறைந்தபட்ச மாதச் சம்பளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் பக்கம் போனால் மேம்பாலங்களுக்கு அடியில் அட்டைப் பெட்டியை விரித்து அவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஊரின் முதியவர்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கால்நீட்ட இடமில்லை. இந்த ஊரின் அடர்த்தி என்னவென்று புரிந்துகொள்ள அந்தக் காட்சி போதும்.

வயதுக் கணக்கு உங்களை நேரடியாகத் தொடும். 2021-இல் இடைநிலை வயது (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் கீழ்) 46-ஐத் தாண்டிவிட்டது. இன்று ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தைகூடக் கிடையாது. 2022-இல் 0.7, பிறகு சீனர்கள் பிள்ளைப்பேற்றுக்கு ராசியாகக் கருதும் டிராகன் ஆண்டான 2024-இல் கொஞ்சம் ஏறி 0.8 பக்கம் வந்தது. பிள்ளை பெற்றால் அரசு 20,000 ஹாங்காங் டாலர் தருகிறது என்று கேள்விப்பட்டு ஆசைப்படாதீர்கள். பெற்றோரில் ஒருவராவது பர்மனென்ட் ரெசிடென்டாக, அதாவது நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவராக, இருக்க வேண்டும். வேலை ஆட்கள் போதாததால்தான் வெளியாட்களுக்கு விசா தாராளமாகக் கிடைக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய உயர்திறன் விசாத் திட்டமும் அதன் விளைவுதான்.

இந்தியர்கள் சுமார் 42,000 பேர். 75 லட்சத்தில் இது கடுகளவு. அதில் தமிழர்கள் இன்னும் சிறு பகுதி. ஆனாலும் பழைய வேர் உண்டு. காயல்பட்டினத்துக்காரர்கள் சிம் ஷா சுய் பகுதியில் ரத்தின வியாபாரம் செய்வது இரண்டு, மூன்று தலைமுறைக் கதை. முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வேண்டுமென்றால் அதே பகுதியில் சுங்கிங் மேன்ஷனுக்குள் நுழைந்தால் கிடைக்கும்.

படி 2: சம்பளம் பேசுவதற்கு முன்பே வாடகையைப் பாருங்கள்

2021 கணக்கெடுப்பில் ஒரு வீட்டின் இடைநிலைப் பரப்பு 40 சதுர மீட்டர், அதாவது சுமார் 430 சதுர அடி. ஆளுக்கு 16 சதுர மீட்டர். இது ஊர் முழுக்கச் சேர்த்த கணக்கு. பழைய கட்டடங்களில் ஒரு ஃப்ளாட்டைத் தட்டி வைத்து நான்கைந்தாகப் பிரித்து விடும் அறைகளில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். அங்கே ஆளுக்கு 6 சதுர மீட்டர், 65 சதுர அடி. இரட்டைக் கட்டில் ஒன்றைப் போட்டால் அதில் பாதி போய்விடும். இப்படிப்பட்ட அறைகளுக்குக் குறைந்தது 8 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்று 2025-இல் சட்டம் வந்திருக்கிறது.

மக்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் குறைந்த வாடகை அரசு வீடுகளில் இருக்கிறார்கள். அந்த வரிசையில் சேரவே விசாக் கட்டுப்பாடு இல்லாதவராக இருக்க வேண்டும். சேர்ந்தாலும் சராசரிக் காத்திருப்பு ஐந்து ஆண்டு அளவில். எனவே அது நமக்கில்லை. தனியார் சந்தைதான்.

வீடு பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

- ஏஜென்ட் சொல்லும் அடி எந்த அடி என்று கேளுங்கள். 'சேலபிள்' என்றால் வீட்டுக்குள் உங்களுக்குக் கிடைப்பது. 'கிராஸ்' என்றால் லிஃப்ட், வராந்தா, கிளப்ஹவுஸ் பங்கெல்லாம் சேர்ந்தது. பழைய ஆட்கள் இன்னும் கிராஸில் பேசுவார்கள்.
- வாடகைக்குள் மேனேஜ்மென்ட் ஃபீஸும் அரசுக்குக் கட்டும் 'ரேட்ஸ்' வரியும் அடக்கமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.
- வழக்கமான ஒப்பந்தம் இரண்டு ஆண்டு. முதல் ஆண்டு கட்டாயம், அதன்பின் இரண்டு மாத முன்னறிவிப்பில் வெளியேறலாம் என்ற 'பிரேக் கிளாஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போனால் அதுதான் காப்பாற்றும்.
- கையில் வைத்திருக்க வேண்டிய தொகை: இரண்டு மாத அட்வான்ஸ், முதல் மாத வாடகை, ஏஜென்ட்டுக்கு அரை மாதம், ஒப்பந்த முத்திரைத் தீர்வையில் உங்கள் பங்கு. மூன்றரை மாத வாடகைக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சம்பளம் வருவதற்கு முன் இது தேவைப்படும்.

வாடகை ஏன் இப்படி? இங்கே நிலம் எல்லாமே அரசுடையது. சென்ட்ரலில் உள்ள புனித ஜான் கதீட்ரல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் குத்தகைதான். அரசு நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏலம் விட்டு அந்தக் காசில் ஓடிப் பழகிவிட்டது. 2017-18-இல் நிலக் குத்தகையில் வந்தது சுமார் 16,500 கோடி ஹாங்காங் டாலர், அரசு வருமானத்தில் கால்வாசிக்கும் மேல். அதனால்தான் வருமான வரியைக் குறைவாக வைக்க முடிந்தது. நாம் மகிழ்ந்துபோகும் குறைந்த வரியின் மறுபாதியை வாடகையாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் கருத்து. பிறகு சந்தை படுத்தது. 2023-24-இல் அதே வருமானம் 2,000 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. இந்தச் சரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக் கட்டணத்தில் மறுபடி வரும்.

கட்டடத்தின் வயதையும் கேளுங்கள். வெளிப்புறப் பழுதுபார்ப்பு வேலை நடக்கிறதா, நடக்கப்போகிறதா என்றும் விசாரியுங்கள். 2025 நவம்பரில் டாய் போவில் உள்ள வாங் ஃபுக் கோர்ட் குடியிருப்பில், பழுதுபார்ப்புக்காகச் சாரம் கட்டி வலை போர்த்தியிருந்த கோபுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தீப்பற்றி 150 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடு பார்க்கப் போகும் நாளிலேயே மாடிப்படிக் கதவைத் திறந்து, கீழ்த்தளம் வரை வழி அடைபடாமல் இருக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஏஜென்ட் முறைத்தால் முறைக்கட்டும்.

படி 3: முப்பது நாளுக்குள் ஐ.டி. கார்டு

180 நாளுக்கு மேல் தங்குகிற 11 வயது நிரம்பிய எல்லோரும் வந்த 30 நாளுக்குள் அடையாள அட்டைக்குப் பதிய வேண்டும். நேரம் ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். வந்த வாரமே செய்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, செல்போன், நூலகம், ஆஸ்பத்திரி எல்லாமே அந்தக் கார்டில்தான் ஓடுகிறது.

கார்டில் பிறந்த தேதிக்குக் கீழே சில எழுத்துகள் இருக்கும். அதில் 'சி' என்றிருந்தால் தங்குவதற்குக் காலவரம்பு உள்ளவர். புதிதாக வரும் எல்லோருக்கும் அதுதான். 'ஏ' என்றால் நிரந்தரமாக வாழும் உரிமை பெற்றவர். ஏழு ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை விசாவில் வந்தவரின் கணவனோ மனைவியோ தனி அனுமதி இல்லாமல் வேலை பார்க்கலாம் என்பது இந்த ஊரின் பெரிய வசதி. மாணவர் விசாவில் வந்தவரின் துணைக்கு அது கிடையாது.

படி 4: சம்பளச் சீட்டில் வரி இருக்காது, அதனால் ஏமாறாதீர்கள்

பொருளாதாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உற்பத்தி ஆலைகள் 1980-களிலேயே எல்லை தாண்டிச் சீனாவின் குவாங்டோங்குக்குப் போய்விட்டன. இப்போது மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்துக்கும் மேல் சேவைத் துறை: வங்கி, வர்த்தகம், சரக்குப் போக்குவரத்து, சுற்றுலா, வக்கீல் கணக்கர் வேலைகள். தனிநபர் வருமானச் சராசரி ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலரைத் தாண்டும். அதையும் சராசரி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2016-இல் ஏற்றத்தாழ்வைக் காட்டும் ஜீனி அளவு (0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே) 0.539, வளர்ந்த ஊர்களில் மிக மோசமான எண்களில் ஒன்று. சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2025 மே மாதத்தில் மணிக்கு 42.1 ஹாங்காங் டாலராக உயர்ந்தது (கீழே வரும் தொகைகளும் ஹாங்காங் டாலரில்தான்). அதே தெருவில் ஒரு காப்பி அந்த விலைக்கு விற்கும்.

நாணயம் 1983-லிருந்து அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு அமெரிக்க டாலரின் விலை இன்று 7.75-க்கும் 7.85-க்கும் நடுவில் மட்டும் அசையும். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் ரூபாய்க்கும் அமெரிக்க டாலருக்குமான விலையைப் பார்த்தால் போதும்.

இனி வரி. இந்தியாவைப் போலவே ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் நிதியாண்டு. ஆனால் சம்பளத்தில் மாதாமாதம் வரிப் பிடித்தம் கிடையாது. கையில் முழுச் சம்பளமும் வரும். மே மாதம் வரிப் படிவம் வரும், ஒரு மாதத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு வரியைக் கட்டச் சொல்லும் கேட்போலை (டிமாண்ட் நோட்) வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திருமணமாகாதவர், மாதச் சம்பளம் 30,000. ஆண்டுக்கு 3,60,000. அதில் ஓய்வூதிய நிதிக்குப் (இதைக் கீழே சொல்கிறேன்) போன 18,000-ஐயும், 2024-25 கணக்கின்படி அடிப்படைக் கழிவான 1,32,000-ஐயும் கழித்தால் 2,10,000. முதல் 50,000-க்கு 2 சதவீதம், அடுத்தடுத்த 50,000-களுக்கு 6, 10, 14 சதவீதம், மீதிக்கு 17 சதவீதம். 1,000 + 3,000 + 5,000 + 7,000 + 1,700 = 17,700. முழு ஆண்டுச் சம்பளத்தில் 5 சதவீதம்கூட இல்லை.

ஆனால் முதல் கேட்போலையில் இந்த 17,700-ஓடு நிற்காது. அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து 'புரவிஷனல்' வரி என்று ஏறக்குறைய அதே தொகையைக் கேட்பார்கள். ஆக 35,000-க்கும் மேல், பெரும்பாலும் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு தவணையாக. முழுச் சம்பளமும் கைக்கு வந்த மிதப்பில் செலவழித்தவர்கள் அந்த ஜனவரியில் முழிபிதுங்குவார்கள். முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

இப்போது இதே ஆள் மாதம் 15,000-க்கு ஒரு சின்ன ஃப்ளாட் எடுக்கிறார் என்று வையுங்கள். ஆண்டு வாடகை 1,80,000, வரியைப் போலப் பத்து மடங்கு. சம்பளம் பேசும்போது எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். விற்பனை வரி கிடையாது, பங்கு விற்ற லாபத்துக்கும் வரி கிடையாது.

ஓய்வூதிய நிதி என்பது எம்.பி.எஃப். (மேண்டேட்டரி பிராவிடண்ட் ஃபண்ட்), நம்மூர் பி.எஃப். போல. 2000 டிசம்பரில் தொடங்கியது. நீங்கள் 5 சதவீதம், முதலாளி 5 சதவீதம், ஒவ்வொருவரும் மாதம் அதிகபட்சம் 1,500. பணத்தைப் பொதுவாக 65 வயதில்தான் எடுக்கலாம். ஊரைவிட்டு நிரந்தரமாகப் போகிறவர் ஒருமுறை எடுத்துக்கொள்ளலாம். வேலை மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு முளைக்கும், பழையதோடு சேர்த்து ஒன்றாக்கிவிடுங்கள். எந்த ஃபண்ட் என்று தேர்ந்தெடுக்காமல் விட்டால் வயதுக்கேற்ற பொதுத் திட்டத்தில் போய்விடும். அது அவ்வளவு மோசமில்லை.

படி 5: எமர்ஜென்சி, அரசு கிளினிக், தனியார் டாக்டர் — எது எப்போது

ஹாங்காங் மக்கள் உலகிலேயே மிக நீண்ட ஆயுள் உள்ளவர்களில் அடக்கம். ஆண்களுக்கு 82, 83 வயது, பெண்களுக்கு 88 பக்கம். தினசரி புகைப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எங்கே போனாலும் நடை, படிக்கட்டு. அரசு ஆஸ்பத்திரி கைக்கெட்டும் தூரத்தில். இந்த விஷயத்தில் நெருக்கடி உதவியாகக்கூட இருக்கிறது, ஆம்புலன்ஸ் கடக்க வேண்டிய தூரம் குறைவு. இறப்புக் காரணங்களில் புற்றுநோய் முதலிடம், நிமோனியா இரண்டாமிடம். வயதானவர்கள் நிறைந்த ஊரின் வரிசை அது.

உள்நோயாளிகளில் பெரும்பாலோர் அரசு ஆஸ்பத்திரியில், சளி காய்ச்சலுக்குப் பெரும்பாலோர் தனியாரிடம். இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

அரசு ஆஸ்பத்திரிகளை நடத்துவது ஹாஸ்பிடல் அதாரிட்டி, 40-க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகள். செல்லுபடியாகும் ஐ.டி. கார்டு இருந்தால், அதில் 'சி' என்று போட்டிருந்தாலும், உள்ளூர்க்காரர் கட்டும் அதே மானியக் கட்டணம்தான். கார்டு இல்லாதவருக்கு அதுவே பல மடங்கு. முப்பது நாள் என்று மேலே சொன்னதை ஒத்திப்போடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

2026 ஜனவரி 1 முதல் புதுக் கட்டணம்: எமர்ஜென்சிக்கு 400 டாலர் (முன்பு 180), பொது வார்டில் ஒரு நாளைக்கு 300 (முன்பு 120), சிறப்பு மருத்துவருக்கு 250, அரசுக் குடும்ப மருத்துவ கிளினிக்கில் 150. உயிருக்கு ஆபத்தான முதல் இரண்டு பிரிவு நோயாளிகளுக்கு எமர்ஜென்சிக் கட்டணம் கிடையாது. ஓராண்டுச் செலவுக்கு 10,000 என்ற உச்சவரம்பும் வைத்திருக்கிறார்கள். அவசரமில்லாதவர்கள் எமர்ஜென்சியை அடைத்துக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்த உயர்வு என்பது அரசு சொல்லும் காரணம். அதுவும் உண்மைதான். ஆனால் நிலக் காசு வற்றிய பிறகு கட்டணம் ஏறியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எமர்ஜென்சியில் நுழைந்ததும் நர்ஸ் உங்களை ஐந்து பிரிவில் ஒன்றில் போடுவார். முதல் பிரிவுக்கு உடனே, இரண்டாவதுக்கு 15 நிமிடத்துக்குள், மூன்றாவதுக்கு அரை மணிக்குள் என்பது அவர்கள் வைத்திருக்கும் இலக்கு. நான்காவது, ஐந்தாவது பிரிவில் விழுந்தால் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், பல மணி நேரம் ஆகும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அப்போதைய காத்திருப்பு நேரம் அதாரிட்டியின் இணையதளத்தில் தெரியும். அவசர எண் 999.

குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல், காலையில் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது என்றால் வீட்டருகே உள்ள தனியார் கிளினிக்தான் சரி. 300-லிருந்து 500, 600 வரை ஆகும். மருந்துக் கடை தேடி அலைய வேண்டாம். டாக்டரின் கவுன்டரிலேயே சின்னச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் மாத்திரைகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயரும் வேளையும் அச்சடித்து, மூன்று நாளைக்குக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கட்டணத்திலேயே அடக்கம். பணம் கட்டும்போது கவுன்டரில் மெடிக்கல் சர்டிஃபிகேட் வேண்டுமா என்று கேட்பார்கள். வேலைக்குப் போகிறவர் வாங்கிக்கொள்ளுங்கள், சட்டப்படியான நோய்க்கால ஊதியத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஊரில் போல ஆன்டிபயாடிக்கைக் கடையில் கேட்டு வாங்க முடியாது, சீட்டு வேண்டும்.

நம் ஆட்களுக்குத் தனியாக ஒன்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் நம்மைக் கொஞ்சம் முன்னதாகவே தேடி வரும். 45 வயது நிரம்பி, இதுவரை இரண்டும் இல்லை என்றிருப்பவர்களுக்கு 2023 நவம்பரிலிருந்து ஒரு மானியத் திட்டம் இருக்கிறது. உங்கள் மாவட்டச் சுகாதார மையத்தில் பதிந்தால் குறைந்த செலவில் பரிசோதனையும் ஒரு குடும்ப டாக்டரும் கிடைப்பார்கள். மையங்கள் பெரும்பாலும் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், சனிக்கிழமை போய்ப் பதிந்துவிடலாம்.

மின்சிகரெட் பிடிக்கிறவர்கள் அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் தடை.

படி 6: வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்

இது வேடிக்கையாகத் தோன்றலாம். 2003-இல் சார்ஸ் பரவி ஹாங்காங்கில் 1,755 பேருக்குத் தொற்றி 299 பேர் இறந்தார்கள். அதில் 300-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியது அமாய் கார்டன்ஸ் என்ற ஒரே குடியிருப்பில். விசாரித்தபோது அகப்பட்டது குளியலறைத் தரையின் வடிகால். தரை வடிகாலுக்கு அடியில் வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், அதுதான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் மூடி. துடைப்பானால் துடைத்தே பழகிய வீடுகளில் அந்தத் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டதும் பொதுக் குழாயின் காற்று, கிருமியோடு குளியலறைக்குள் இழுக்கப்பட்டது.

அன்றிலிருந்து சுகாதாரத் துறையின் அறிவுரை: ஒவ்வொரு தரை வடிகாலிலும் வாரம் ஒருமுறை அரை லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். சமையலறை, பால்கனி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மறைந்திருப்பது எல்லாவற்றிலும். மாதக்கணக்கில் பூட்டியிருந்த வீட்டுக்குள் புதிதாகக் குடிபோகும் அன்றே முதலில் இதைச் செய்யுங்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய அன்றும்தான்.

பெரும்பாலான கழிவறைகளில் ஃப்ளஷ் செய்ய வருவது கடல்நீர். நல்ல தண்ணீரின் பெரும்பகுதி எல்லைக்கு அப்பாலுள்ள டோங்ஜியாங் ஆற்றிலிருந்து வருவது. 1963 வறட்சியில் நான்கு நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் மட்டும் குழாய் திறந்த ஊர் இது. சென்னைக்காரர்களுக்கு அந்த வரிசையை விளக்க வேண்டியதில்லை.

இங்கே ஃப்ளூவுக்கு இரண்டு பருவம், குளிர்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று. இருமல் வந்தால் மாஸ்க் போடுவது சட்டமில்லை, ஆனால் லிஃப்டில் பன்னிரண்டு பேரோடு நிற்கும்போது நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

படி 7: குழந்தையின் தடுப்பூசிக் கார்டு

ஊரிலிருந்து கிளம்பும்போது இதை மறந்தால் பெரிய தலைவலி. இங்கே தாய் சேய் நல மையங்களில் ஹாங்காங்வாசிகளான குழந்தைகளுக்குத் தடுப்பூசி இலவசம். ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் பள்ளிக்கே வந்து பூஸ்டர் போடுவார்கள். நம் ஊரில் 9 மாதத்தில் போடும் தட்டம்மை ஊசி இங்கே 1 வயதில்தான் தொடங்குகிறது. அதனால் கார்டைப் பார்த்துவிட்டு இன்னொரு டோஸ் போடச் சொல்லக்கூடும். குழம்ப வேண்டாம். கார்டில் தமிழில் எழுதியிருந்தால் ஊர் டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு தாள் எழுதி வாங்கி வையுங்கள்.

படி 8: அப்பா அம்மாவை அழைப்பதற்கு முன்

இதில்தான் பலருக்கும் மனத்தாங்கல். வேலை விசாவில் இருப்பவர் துணையையும் 18 வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளையும் மட்டும்தான் சார்ந்தவர்களாக அழைத்துக்கொள்ளலாம். பெற்றோரை அழைக்க, நீங்கள் பர்மனென்ட் ரெசிடென்டாகவோ காலவரம்பு இல்லாதவராகவோ இருக்க வேண்டும், அவர்களுக்கு 60 வயது நிரம்பியிருக்க வேண்டும். அதாவது ஏழு ஆண்டுக் காத்திருப்பு.

அதுவரை அவர்கள் விருந்தாளிகள். இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் 2017-லிருந்து ஆன்லைனில் முன்பதிவு செய்துகொண்டு வர வேண்டும், ஒரு முறைக்கு 14 நாள் தங்கலாம். பேரனோடு இரண்டு மாதம் இருக்க ஆசைப்பட்டால் முன்கூட்டியே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்களிடம் ஐ.டி. கார்டு இருக்காது என்பதால் அரசு ஆஸ்பத்திரியில் மானியக் கட்டணமும் கிடையாது. வார்டில் நாலு நாள் படுத்தால் உங்கள் ஒரு மாத வாடகையைத் தாண்டிவிடலாம். பழைய சர்க்கரை, இதய நோய்க்கும் பணம் தருகிற பயணக் காப்பீட்டை ஊரிலேயே எடுங்கள். பாலிசியில் 'முன்பே உள்ள நோய்' என்ற பத்தியை ஏஜென்ட்டை விட்டு வாசிக்கச் சொல்லாமல் நீங்களே வாசியுங்கள்.

அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளைத் தங்கும் நாளைக்குக் கணக்கிட்டு ஒரு வாரம் கூடுதலாக, கடை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கொண்டுவரச் சொல்லுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை வருவதானால் அந்த ஒரு வாரம் முக்கியம். புயல் எச்சரிக்கை 8-ஆம் எண் ஏறினால் அலுவலகம், பள்ளி, பேருந்து எல்லாம் அடங்கிவிடும், விமானங்கள் கும்பலாக ரத்தாகும். 2025 செப்டம்பரில் ராகசா புயலின்போது 10-ஆம் எண் வரை ஏறியது. திரும்பும் டிக்கெட் தேதியைத் தங்க அனுமதித்த கடைசி நாளில் போடாமல் இரண்டு, மூன்று நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள்.